பூச்சிக் கண்ணின் சவ்வை ஒளியும் இருளும் என்ன செய்கின்றன: ஆய்ந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பிடுபூச்சியைப் பகலில் ஒருமுறையும் நள்ளிரவில் ஒருமுறையும் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பகலில் வெளிர்பச்சையாக இருந்த கண், இரவில் கருங்காப்பி நிறத்துக்கு மாறியிருக்கும். விலங்கியல் மாணவர்கள் பலர் இதைக் காட்டி, "இருட்டில் கண் மாறுகிறது, இதையே ஆய்வாக எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பதுண்டு. எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியும் அந்த மாற்றம் நிறமித் துகள்கள் இடம் மாறுவதால் வருவது. அதற்குள்ளே, எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமல் பார்க்க முடியாத இன்னொரு வேலை நடக்கிறது. ஒளியை வாங்கும் சவ்வையே சில பூச்சிகள் நாள்தோறும் பிரித்துப் போட்டு, மாலையில் மறுபடி கட்டுகின்றன. இந்த வழிகாட்டி அந்தச் சவ்வைப் பற்றியது. முதுகலை ஆய்வேடு எழுதப்போகிறவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

எதைப் பார்க்கப் போகிறோம்

கரப்பான் பூச்சியின் ஒவ்வொரு கூட்டுக்கண்ணிலும் சுமார் 2000 ஒமட்டிடியங்கள், அதாவது சிறு கண் அலகுகள், என்று பள்ளியில் படித்தது நினைவிருக்கும். மொசைக் பார்வை என்று எழுதி மதிப்பெண் வாங்கியதோடு பாடம் முடிந்துவிடும். நம் கதை அந்த ஒமட்டிடியத்தின் உள்ளே தொடங்குகிறது. பெரும்பாலான பூச்சிகளில் ஒவ்வொரு ஒமட்டிடியத்திலும் எட்டு ஒளியுணர் செல்கள் இருக்கும். ஒவ்வொரு செல்லும் தன் சவ்வின் ஒரு பக்கத்தை மட்டும் ஆயிரக்கணக்கான நுண்குழல்களாக நீட்டி அடுக்கி வைத்திருக்கிறது. இவையே மைக்ரோவில்லிகள். ஒரு செல்லின் அடுக்கு ராப்டோமியர். எல்லாச் செல்களின் அடுக்குகளும் சேர்ந்தது ராப்டம். பழ ஈயின் ஒரு ராப்டோமியரில் ஏறத்தாழ 30,000 மைக்ரோவில்லிகள் உண்டு. ஒவ்வொன்றும் 50 முதல் 60 நானோமீட்டர் தடிமன். ரோடாப்சின் என்ற ஒளி வாங்கும் புரதம் இந்தச் சவ்வில்தான் பதிந்திருக்கிறது.

நம் கண்ணிலிருந்து இது இரண்டு வகையில் வேறுபடுகிறது. முதலாவது, ஒளி பட்டதும் நம் விழித்திரைச் செல்லின் மின்னழுத்தம் எதிர்மறைப் பக்கம் இறங்கும். பூச்சியின் செல்லில் அது நேர்மறைப் பக்கம் ஏறும். இரண்டாவதுதான் ஆய்வுக்கு முக்கியம். நம் ரோடாப்சின் ஒளி பட்டதும் சிதைந்து நிறமிழந்துவிடும். பூச்சியின் ரோடாப்சின் மெட்டாரோடாப்சினாக மாறி அப்படியே நிலைத்து நிற்கும். வேறு அலைநீளத்து ஒளி பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். பழ ஈயின் முதன்மை ரோடாப்சின் 480 நானோமீட்டர் நீல ஒளியை அதிகம் வாங்கும். அதன் மெட்டாரோடாப்சின் சுமார் 570 நானோமீட்டர் ஆரஞ்சு ஒளியை வாங்கும். ஆகவே வெளிச்சம் காட்டினேன் என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த நிற வெளிச்சம் என்பதைப் பொறுத்து விடையே மாறும்.

முதலில் கால அளவைத் தீர்மானியுங்கள்

ஒரே செல்லில் ஒளி உண்டாக்கும் மாற்றங்கள் பல வேகங்களில் நடக்கின்றன. இவற்றைக் கலந்துவிடுவதுதான் நான் பார்த்த ஆய்வேடுகளில் அடிக்கடி நேரும் பிழை.

மில்லிசெகண்டுகளில் மைக்ரோவில்லிகள் சற்றே சுருங்குகின்றன. ரோஜர் ஹார்டியும் கிறிஸ்டியன் ஃபிரான்ஸும் பழ ஈயில் இதை 2012இல் வெளியிட்டார்கள். பிஐபி2 என்ற கொழுப்பு மூலக்கூறை நொதி வெட்டுவதால் சவ்வின் பரப்பும் இழுவிசையும் மாறுகின்றன. அயனி வாயில்கள் திறப்பதில் இந்த இழுப்புக்கும் பங்கு உண்டு என்பது அவர்கள் வாதம்.

அடுத்தது நிறமித் துகள்களின் நகர்வு. ஈயின் ஒளியுணர் செல்லுக்குள் இருக்கும் துகள்கள் வெளிச்சத்தில் சில நொடிகளிலேயே ராப்டோமியரை ஒட்டி வந்து நின்று, அதிகப்படி ஒளியைத் தின்றுவிடும். அந்துப்பூச்சிகளில் இந்த நகர்வுக்குச் சில நிமிடங்கள் ஆகும். டார்ச் ஒளியில் தணல்போல் மின்னும் அவற்றின் கண், ஒளியைத் தொடர்ந்து காட்டினால் அணைந்துபோவது இதனால்தான்.

பிறகு புரதங்களின் இடமாற்றம். ஈயின் டிஆர்பிஎல் என்ற அயனி வாயில் வெளிச்சத்தில் ராப்டோமியரை விட்டு செல்லின் உடலுக்குள் போகிறது, இருட்டில் திரும்புகிறது. ஒளி பட்ட ரோடாப்சினின் வேலையை நிறுத்தும் அரெஸ்டின் என்ற புரதம் நேர் எதிர்த் திசையில் பயணிக்கிறது: வெளிச்சத்தில் ராப்டோமியருக்குள் வருகிறது.

கடைசியாக, மணிக்கணக்கில் நடப்பது சவ்வின் கட்டுமானமும் இடிப்பும். நாம் அளக்கப்போவது இதை.

எந்தப் பூச்சி?

ஆய்வகத்தில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பழ ஈயைப் பிடிக்காதீர்கள். புரத இடமாற்றம் படிக்க அதைவிட நல்ல பூச்சி கிடையாது. ஆனால் அது ராப்டோமியரின் பருமனைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொண்டு உள்ளே இருக்கும் புரதங்களை நகர்த்தும் பூச்சி. பருமன் மாறுவதைக் கண்கூடாகக் காண வேண்டுமானால் வெட்டுக்கிளி சிறந்தது. அதன் ராப்டம் இரவில் பகலைவிடப் பல மடங்கு குறுக்குவெட்டுப் பரப்புக்கு வளர்கிறது. 1980களின் தொடக்கத்தில் டேவிட் வில்லியம்ஸ் செய்த ஆய்வுகளைத் தேடிப் படியுங்கள். பூச்சி அல்லாத ஓர் உறவினரையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வலையைக் கையில் ஏந்தி இரைமேல் வீசும் டைனோபிஸ் சிலந்தி, அந்தியில் தன் பெரிய கண்களின் சவ்வைக் கட்டி எழுப்பி விடியலில் இடித்துவிடுகிறது. 1978இல் பிளெஸ்ட் இதை விவரித்தபோதுதான், கண்ணின் சவ்வு இவ்வளவு தற்காலிகமானதா என்று பலர் வியந்தார்கள்.

நமக்கு வசதியானது ஏடிஸ் எஜிப்டி கொசுவின் புழு. டெங்கு பரப்பும் அதே கொசுதான். ரிச்சர்ட் வைட் 1960களின் பிற்பகுதியிலிருந்து இந்தப் புழுவின் கண்ணில்தான் வேலை செய்தார். வெளிச்சத்தில் ராப்டம் சிறுக்கிறது, இருட்டில் பெருக்கிறது என்பதை அவரும் லார்டும் 1975இல் அளந்து காட்டினார்கள். புழுவின் தலையில் பக்கத்துக்கு நான்கு எளிய கண்கள் உண்டு. ஏறத்தாழ ஒரு வாரத்தில் புழு வளர்ந்துவிடும். முழு இருட்டிலும் வளரும். சிக்கல் ஒன்றுதான். தண்ணீரைத் திறந்து வைத்துக் கொசு வளர்த்தால் சுகாதார ஆய்வாளர் அபராதம் போடுவார், போடவும் வேண்டும். வலை மூடிய, பூட்டிய அறையில், நிறுவனத்தின் அனுமதியோடு மட்டும் வளருங்கள். கூட்டுப்புழு ஆகும் முன்பே வேலையை முடியுங்கள். மீந்தவற்றைக் கொதிநீரில் கொன்ற பிறகே கொட்டுங்கள்.

படி 1: வளர்ப்பு

முட்டைகளை ஒரே நாளில் பொரிக்க வைத்து, ஒரே தட்டிலிருந்து எல்லாக் குழுக்களையும் பிரியுங்கள். நீரின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸ் அளவில் எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றாக இருக்கட்டும். விளக்குக்குக் கீழே வைத்த தட்டு தானாகவே சூடாகும் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்தச் சூட்டின் விளைவை ஒளியின் விளைவாக எண்ணி எழுதிவிடும் ஆபத்து உண்டு.

உணவில் கவனம் தேவை. வெறும் ரொட்டி ஈஸ்ட் போட்டு வளர்த்தால் புழுவுக்குக் கரோட்டினாய்டு கிடைக்காது. ரோடாப்சினின் ஒளி வாங்கும் பகுதி வைட்டமின் ஏ குடும்பத்திலிருந்து வருவது. பூச்சி அதை உணவிலிருந்துதான் பெற வேண்டும். வைட்டமின் ஏ குறைந்தால் கொசுக் கண்ணின் நுண்ணமைப்பே மாறிப்போகும் என்பதைப் பிராமரும் வைட்டும் 1969இல் காட்டிவிட்டார்கள். மீன் உணவுத் தூளும் ஈஸ்ட்டும் கலந்து போடுங்கள். எல்லாத் தட்டுகளுக்கும் ஒரே கலவை.

படி 2: இருளையும் கடிகாரத்தையும் பிரிப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

நான் முதன்முதலில் செய்த தொகுதியில் இரண்டே குழுக்கள்: வெளிச்சக் குழு, இருட்டுக் குழு. இரண்டையும் காலை பத்தரைக்குத்தான் எடுத்தேன், காரணம் ஆய்வகம் பத்து மணிக்குத் திறக்கும். பிசினில் பதித்து, வெட்டி, படம் எடுத்து, அளந்து முடித்த பிறகு ஒருவர் கேட்டார்: "இருட்டுக் குழுவின் ராப்டம் பெரிதாக இருப்பது இருட்டினாலா, அல்லது நேற்றிரவு கட்டியது இன்னும் இடிபடாததாலா?" பதில் இல்லை. நான்கு மாத உழைப்பு அது.

பூச்சியின் உடலுக்குள் நாள்கடிகாரம் ஓடுகிறது. ஒளி ஒரு கையால் சவ்வை மாற்றினால், கடிகாரம் இன்னொரு கையால் மாற்றலாம். அமெரிக்கக் கிழக்குக் கடலோரத்துக் குதிரைலாட நண்டில் இந்த இரண்டு கைகளும் சேர்ந்தே வேலை செய்கின்றன. விடியலின் முதல் ஒளி பட்டதும் அதன் கண் சவ்வை உதிர்க்கிறது. ஆனால் இரவு முழுக்க மூளையிலிருந்து வரும் நரம்புச் செய்திகள் கண்ணைத் தயார்ப்படுத்தியிருந்தால்தான் அந்த உதிர்ப்பு நடக்கிறது. சேம்பர்லினும் பார்லோவும் கண்டறிந்தது இது.

ஆகவே குறைந்தது நான்கு குழுக்கள் வேண்டும். எல்லாவற்றையும் முதலில் 12 மணி நேரம் ஒளி, 12 மணி நேரம் இருள் என்ற சுழற்சியில் பழக்குங்கள். முதல் குழுவை ஒளிக் காலத்தின் நடுவில் எடுங்கள். இரண்டாவதை இருள் காலத்தின் நடுவில் எடுங்கள். மூன்றாவது குழுவுக்கு முந்தின மாலையோடு விளக்கை நிறுத்திவிட்டு, மறுநாள் பகல் நடுவில் எடுங்கள். அதாவது கடிகாரப்படி பகல், கண்ணுக்கு இருட்டு. நான்காவதற்கு விளக்கை அணைக்காமலே விட்டு நள்ளிரவில் எடுங்கள். மூன்றாவது குழு இரண்டாவதைப் போல இருந்தால் ஒளிதான் எஜமான். முதலாவதைப் போல இருந்தால் கடிகாரம். இடையில் எங்காவது நின்றால் இரண்டும்.

இருட்டுக் குழுவுக்கு எதுவும் செய்யவில்லை என்று ஆய்வேட்டில் எழுதாதீர்கள். இருட்டும் நீங்கள் கொடுத்த சிகிச்சைதான். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணி நேரம் கொடுத்தீர்கள் என்று எழுத வேண்டும்.

படி 3: ஒளியை அளப்பது

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்காகச் செய்த அலகு. கொசுவுக்கும் ஈக்கும் புறஊதா ஒளி தெரியும், லக்ஸ்மீட்டருக்குத் தெரியாது. முடிந்தால் நிறமாலைமானியில் விளக்கின் அலைநீளப் பரவலை எடுத்து வையுங்கள். முடியாவிட்டால் விளக்கின் வகை, வாட், தூரம், லக்ஸ் எல்லாவற்றையும் எழுதுங்கள். உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். முழுநிலவின் ஒளி பெரும்பாலும் 0.3 லக்ஸைத் தாண்டாது. இந்தப் பெரும் இடைவெளியில் உங்கள் குழல்விளக்கு எங்கே நிற்கிறது என்று வாசகருக்குத் தெரிய வேண்டாமா?

இருட்டறையில் வேலை செய்யச் சிவப்பு விளக்கு வைப்பது வழக்கம். அதை நடுநிலையான விளக்கு என்று நம்பிவிடக் கூடாது. பழ ஈயில் நீண்ட அலைநீள ஒளி மெட்டாரோடாப்சினை ரோடாப்சினாகத் திருப்பிவிடும் என்று மேலே பார்த்தோம். எவ்வளவு மங்கலாக முடியுமோ அவ்வளவு மங்கல், எவ்வளவு குறைந்த நேரமோ அவ்வளவு நேரம். கதவிடுக்கைக் கறுப்புத் துணியால் அடைத்துவிட்டு, பதினைந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்திருங்கள். அதன் பிறகும் உங்களுக்கு எங்காவது வெளிச்சம் தெரிந்தால், அந்த அறை இன்னும் இருட்டறை ஆகவில்லை.

படி 4: இருட்டிலேயே நிலைநிறுத்துவது

தலையை வெட்டி, செல்களை அப்போது இருந்த அமைப்பிலேயே நிலைநிறுத்தும் திரவத்தில் போடும் வேலையை இருட்டுக் குழுவுக்கு இருட்டிலேயே செய்ய வேண்டும். திரவத்தில் போட்ட பின்னும் முதல் சில மணி நேரம் இருட்டில் வையுங்கள். மருந்து செல்லுக்குள் ஊறுவதற்கு முன் விளக்கைப் போட்டால், சாகும் தறுவாயில் இருக்கும் கண்ணுக்குக் கடைசியாக ஒரு வெளிச்சம் காட்டியவர் ஆவீர்கள்.

வழக்கமான செய்முறை போதும்: 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடு, 0.1 மோலார் பாஸ்பேட் தாங்கல் கரைசல், பிஎச் 7.2 முதல் 7.4, பிறகு 1 சதவீத ஆஸ்மியம் டெட்ராக்சைடு, ஆல்கஹாலில் நீர் நீக்கம், எபாக்சி பிசினில் பதிப்பு. பழைய நூல்கள் சொல்லும் காக்கோடிலேட் தாங்கலில் ஆர்செனிக் இருக்கிறது; மாணவர்களுக்குப் பாஸ்பேட்டே நல்லது. ஆஸ்மியம் ஆவி நம் கருவிழியைக் கெடுக்கும். பூச்சியின் கண்ணைப் பார்க்கப் போய்த் தன் கண்ணைக் கெடுத்துக்கொண்டதாக ஆகிவிடக் கூடாது. ஆவி உறிஞ்சும் பெட்டிக்குள்தான் அதைத் திறக்க வேண்டும்.

பூச்சியின் மேல்தோல் மருந்தை எளிதில் விடாது. முழுத் தலையைப் போடாமல், கண்ணுக்குப் பின்புறம் திறந்திருக்கும்படி வெட்டிப் போடுங்கள்.

படி 5: வெட்டுவது

முதலில் ஒரு மைக்ரோமீட்டர் தடிமனில் வெட்டி, டொலுயிடின் நீலம் ஏற்றி, சாதாரண நுண்ணோக்கியில் எங்கே இருக்கிறீர்கள் என்று பாருங்கள். நான்காம் பருவப் புழுவில் ஒரு பொறி உண்டு. எளிய கண்களுக்குப் பக்கத்திலேயே வருங்காலக் கொசுவின் கூட்டுக்கண்ணும் வளர்ந்துகொண்டிருக்கும். அதில் இருக்கும் அரைகுறை ராப்டங்களை அளந்துவிட்டு, ஒளியில் சுருங்கியது என்று எழுதிவிடாதீர்கள்.

இடம் உறுதியானதும் 60 முதல் 80 நானோமீட்டர் மெல்லிய வெட்டு. ராப்டம் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன் கொண்டதல்ல. எல்லா விலங்குகளிலும் ஒரே மட்டத்தில், உதாரணமாக ஒளியுணர் செல்களின் உட்கரு தெரியும் மட்டத்தில், வெட்டினால்தான் ஒப்பிட முடியும். கத்தி சாய்ந்தால் குறுக்குவெட்டு நீள்வட்டமாகிப் பரப்பு கூடிவிடும்.

படி 6: அளப்பதும் எண்ணுவதும்

படங்களுக்கு இன்னொருவரைக் கொண்டு குறியெண் போட்டு, எது எந்தக் குழு என்று தெரியாமல் அளக்க வேண்டும். நான் நேர்மையானவன், எனக்கு இது தேவையில்லை என்று நினைப்பவர்களுக்குத்தான் இது மிகவும் தேவை.

இரண்டு அளவுகள் கட்டாயம். ஒன்று ராப்டத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு. கட்டக் கோடுகளை மேலே வைத்துப் புள்ளிகளை எண்ணினாலே போதும். மற்றொன்று, செல்லுக்குள் இருக்கும் பலகுமிழ் உறுப்புகளின் எண்ணிக்கை. ஒரு பைக்குள் பல சிறு குமிழ்கள், பார்ப்பதற்கு வெட்டிய மாதுளைபோல இருக்கும். மைக்ரோவில்லிகளின் அடியிலிருந்து சவ்வு சிறுசிறு குமிழ்களாகக் கிள்ளப்பட்டு உள்ளே வந்து, இந்தப் பைகளில் சேர்ந்து, பிறகு லைசோசோமில் செரிக்கப்படுகிறது. வெளிச்சம் பட்ட கண்ணில் இவை பெருகுவதை வைட் புழுவில் கண்டார். வளர்ந்த ஏடிஸின் கூட்டுக்கண்ணிலும் இதே வழிதான். நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஓ'டூசாவின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஏடிஸின் ரோடாப்சின் ஒன்று இருட்டில் ராப்டத்தில் இருப்பதும், பகல் வெளிச்சத்தில் அங்கிருந்து செல்லுக்குள் இழுக்கப்படுவதும் தெரிந்தது.

எல்லாப் பூச்சிகளும் இந்த வழியில் போவதில்லை. நீண்ட கால்களுடைய டிபுலிட் ஈ, மைக்ரோவில்லிகளின் நுனியை வெளியே உதிர்க்கிறது. உதிர்ந்ததைச் செல்கள் பிறகு விழுங்குகின்றன. அந்த ஈயின் செல்லுக்குள் மட்டும் தேடியிருந்தால் பாதிக் கதை கிடைத்திருக்காது.

புள்ளியியலில் ஒரு வார்த்தை: ஒரு புழுவிலிருந்து நாற்பது செல்களை அளந்தாலும் அது ஒரே ஒரு புழுதான். உங்கள் மாதிரியின் எண்ணிக்கை விலங்குகளின் எண்ணிக்கை.

படி 7: படத்தைப் படிப்பது

இங்கேதான் பொறுமை வேண்டும். ராப்டம் ஒரு தொட்டி. ஒரு குழாய் நிரப்புகிறது, இன்னொரு குழாய் வடிக்கிறது. தண்ணீர் மட்டம் குறைந்திருப்பதைப் பார்த்து வடிகுழாய் திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது; நிரப்பும் குழாயை அடைத்திருந்தாலும் மட்டம் குறையும். வெளிச்சத்தில் ராப்டம் சிறுத்தது என்ற ஒரு எண், சவ்வு அதிகம் இடிபட்டது என்பதற்குச் சான்றாகாது. பலகுமிழ் உறுப்புகள் குறைந்திருந்தாலும் அப்படியே. வரவு குறைந்திருக்கலாம், அல்லது செரிமானம் வேகமாகியிருக்கலாம்.

இதற்கு வழி, நேரத் தொடர். விளக்கைப் போட்டதும் 0, 15, 30 நிமிடம், பிறகு 1, 2, 4 மணி நேரத்தில் மாதிரி எடுங்கள். முதலில் மைக்ரோவில்லி அடியில் குமிழ்களும், பிறகு பலகுமிழ் உறுப்புகளும், பிறகு லைசோசோம்களும் அடுத்தடுத்து உச்சம் தொட்டால் வடிகுழாய்தான் திறந்தது என்று சொல்லத் துணியலாம். மாலையில் விளக்கை அணைத்தபின் இதேபோல் ஒரு தொடர் எடுத்தால், கட்டுமானம் எப்போது தொடங்குகிறது என்று தெரியும்.

ஒளியின் நிறத்தை மாற்றி, ரோடாப்சினே காரணமா என்று சோதிக்கும் ஆசை வரும். கொசுப்புழுவில் அது கடினம். அதன் ரோடாப்சின் 515 நானோமீட்டரிலும் மெட்டாரோடாப்சின் 480 நானோமீட்டரிலும் உச்சம் கொள்வதாகப் பிரவுனும் வைட்டும் 1972இல் அளந்தார்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஒன்றை மட்டும் தட்டி எழுப்பும் ஒளி கிடைக்காது. 90 நானோமீட்டர் இடைவெளி இருக்கும் பழ ஈதான் அந்தக் கேள்விக்கு ஏற்றது.

சுழற்சியையும் சிதைவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நாள்தோறும் நடக்கும் இடிப்பில் செல் நலமாகவே இருக்கும்: உட்கரு சீராக, மைட்டோகாண்டிரியா ஒழுங்காக. செல்லின் உள்திரவம் கறுத்து, உட்கரு சுருங்கி, மைட்டோகாண்டிரியா வீங்கியிருந்தால் அந்தச் செல் செத்துக்கொண்டிருக்கிறது. காப்பு நிறமி இல்லாத வெண்கண் வகைகளை இடைவிடாத பலத்த ஒளியில் வைத்தால் இப்படி ஆகும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கி கிடைக்காவிட்டால்

பெரும்பாலான கல்லூரிகளின் நிலை இதுதான். அவர்களுக்கு ஒரு மலிவான வழி உண்டு, அளவு குறைந்தது என்றாலும் உண்மையானது. பழ ஈயை மயக்கி, தலையைப் பிரித்து, கண்ணாடித் தகட்டில் நிறமில்லாத நகப்பூச்சுத் துளி ஒன்றில் வையுங்கள். பூச்சு கண்ணின் மேற்பரப்பை மூடியதும் லென்ஸ்கள் ஒளியை வளைக்கும் வேலையை ஏறக்குறைய இழந்துவிடும். கீழிருந்து தலைக்குள் பலத்த ஒளியைச் செலுத்தி மேலிருந்து பார்த்தால், ஒவ்வொரு ஒமட்டிடியத்திலும் ஏழு ஒளிப்புள்ளிகள் சரிவக வடிவில் தெரியும். வெளி வட்டத்து ஆறு ராப்டோமியர்கள், நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் ஏழாவதும் எட்டாவதும்.

வெண்கண் ஈக்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இடைவிடாத ஒளியிலும் மறு பாதியை இருட்டிலும் வையுங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை எடுத்து, எத்தனை ஒமட்டிடியங்களில் ஏழு புள்ளிகளும் இருக்கின்றன என்று எண்ணுங்கள். இது காட்டுவது சிதைவைத்தான், அன்றாடச் சுழற்சியை அல்ல. தலைப்பிலேயே அப்படி எழுதிவிடுங்கள். தலையைப் பிரித்த சில நிமிடங்களுக்குள் எண்ணி முடிக்க வேண்டும், பிறகு புள்ளிகள் மங்கும். தகட்டின் ஓரத்தில் தேதியை மட்டும் எழுதாமல், விளக்கு எப்போது போட்டது, எப்போது அணைத்தது, ஈயை எத்தனை மணிக்கு எடுத்தது என்பதையும் பென்சிலால் குறித்து வையுங்கள்.